பஞ்சவர்ணம் ஓரகத்திக்குச் செய்தது

பஞ்சவர்ணத்துக்குப் பொறாமைக் குணம் உண்டு. பிழைக்க வெளிநாடு போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேசவேண்டும் என்பார்கள். பேசுவதற்கு நல்லதும் நிறையவே இருக்கிறது. ஆனால் பொறாமையைக் கழித்துவிட்டுச் சொன்னால் அது வேறு யாரோ ஒரு நர்ஸின் கதையாகிவிடும். இது அவளுடைய கதை.

துபாய் அல் கூஸில், பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே, தொழிலாளர்கள் வந்துபோகும் ஒரு கிளினிக்கில் அவள் வேலை பார்த்தாள். மதுரையில் நர்ஸிங் டிப்ளமா முடித்தவள். பரமக்குடி நர்ஸிங் ஹோம் ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். துபாயில் மட்டும் உதவி நர்ஸ். ஏஜென்ட் சொன்ன யோசனை அது. “அசிஸ்டென்ட் லைசன்ஸ்ல உள்ள போயிருங்க சிஸ்டர், வெரசாக் கெடைக்கும். அங்க போயி ஸ்டாஃபா மாத்திக்கலாம்.”

அந்தக் காலத்தில் பலபேர் அப்படித்தான் வந்தார்கள். வந்த பிறகுதான் விதி தெரிந்தது. ஸ்டாஃப் நர்ஸாக மாறவேண்டுமானால் ஸ்டாஃப் நர்ஸாகவே சமீபத்தில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். உதவி நர்ஸாகப் பார்த்த வேலை அதில் சேராது. ஆக, வருடம் ஏற ஏற அவள் கை தேர்ந்துகொண்டே போனது. பதவி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வரலாம். ஆனால் பையன் படித்துக்கொண்டிருந்தான். அவன் படிப்பு முடிந்தபோது அவளுக்கு அந்த ஆசையைச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாகிவிட்டது.

கிளினிக்கில் ஸ்டாஃப் நர்ஸுக்கு நீலச் சட்டை, உதவி நர்ஸுக்கு மெரூன். சிகிச்சைக்கு வரும் ஆட்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எல்லாரையும் சிஸ்டர் என்பார்கள். பஞ்சவர்ணத்தை மட்டும் அம்மா என்பார்கள். ஆனால் அவள் குத்தி எடுத்த ரத்தத்துக்கும், அவள் கட்டிய கட்டுக்கும், கீழே கையெழுத்துப் போடுவது ஒரு நீலச் சட்டை. அந்த நீலச் சட்டைகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், லண்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனார்கள். போகும்போது எல்லாருக்கும் கேக் வெட்டினார்கள். பஞ்சவர்ணம் கேக் தின்பதில்லை. சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சர்க்கரை கிடையாது.

இந்த நிலையில்தான் பானுப்பிரியா வந்து சேர்ந்தாள்.

பானு, பஞ்சவர்ணத்தின் கொழுந்தன் அழகுமலையின் மனைவி. பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்தவள். அழகுமலை முப்பத்தைந்து தாண்டித்தான் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு வயதில் ஒரு பையன். பஞ்சவர்ணம் வேலை பார்த்த அதே பரமக்குடி நர்ஸிங் ஹோமில் பானுவும் வேலை பார்த்தாள். இப்போது குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, விசிட் விசாவில் வந்து, ஸ்டாஃப் நர்ஸ் லைசன்ஸுக்கு முயற்சி செய்கிறாள். அழகுமலை போனில் அவளுக்குத் தங்க இடம் கேட்டபோது பஞ்சவர்ணத்தால் மறுக்க முடியவில்லை. அவளும் கணவன் சோலையப்பனும் துபாய்க்கு வந்த பிறகு, அவர்கள் பையன் விஜயபாஸ்கரை நாலாம் வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டவன் அழகுமலைதான்.

பழைய வில்லா ஒன்றில் பலகை அடித்துப் பிரித்த அறை அவர்களுடையது. பானு வந்ததும் சோலையப்பன் கம்பெனி கேம்ப்புக்குப் போய்விட்டான். தொழிலாளர் பஸ் ஓட்டுகிறவனுக்குக் கேம்ப்பில் எப்போதும் ஒரு கட்டில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு மட்டும் சாப்பிட வருவான்.

“கொழம்பு யாரு வச்சா?” என்றான் முதல் ஞாயிறு.

“நான்தான் வச்சேன். ஏன், உப்பு கூடவா?” என்றாள் பானு பயந்து.

“இல்லத்தா. நல்லாருக்கு.”

“ஏன் நல்லாருக்காது? பி.எஸ்ஸி. படிச்ச கொழம்புல்ல!” என்றாள் பஞ்சவர்ணம்.

சோலையப்பன் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான். மனைவியின் வயிற்றெரிச்சலை இத்தனை வருடம் பார்த்தவன், வெயிலைப் பற்றிக் கவலைப்படாத மாதிரி அதைப் பற்றியும் கவலைப்படமாட்டான்.

பானு பகலெல்லாம் படித்தாள். மாலையில் பஞ்சவர்ணம் வெங்காயம் நறுக்கும்போது கேள்விகளைச் சத்தமாக வாசிப்பாள்.

“அக்கா, இதக் கேளுங்க. ரத்தம் ஏத்திக்கிட்டிருக்கோம். பேஷன்ட் குளிருதுங்கிறாரு, நடுங்குறாரு. நர்ஸ் மொதல்ல என்ன செய்யணும்?”

“போர்வையப் போத்திவிட்டு டாக்டரக் கூப்புடணும்.”

“தப்பு. ரத்தம் ஏத்துறத நிறுத்தணும். பி-தான் சரி.”

“நிறுத்தாமயா இருப்பாக? அதுக்குக் கை தானாப் போயிரும்டி. அதெல்லாம் ஒரு கேள்வியா?”

“கை தானாச் செய்யிறதத்தான்க்கா கேக்குறாக.”

பஞ்சவர்ணம் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தை நறுக்கினால் வரத்தானே செய்யும்.

பானு முதல் தடவையே பரீட்சையில் தேறினாள். கிளினிக் மேனேஜர் செய்கு முகம்மது, கீழக்கரைக்காரர், நல்ல மனிதர். விஷயத்தைக் கேள்விப்பட்டு ரத்தம் எடுக்கும் அறைக்கே வந்துவிட்டார்.

“மாஷா அல்லாஹ்! மொத தடவையில பாஸாமே பஞ்சவர்ணம்மா. நம்மகிட்ட ஒரு ஸ்டாஃப் இடம் காலியா இருக்கு. டேட்டாஃப்ளோ ரிப்போர்ட் மட்டும் வரட்டும், அந்தப் புள்ளைக்கே குடுத்துருவோம். உங்க வீட்டுப் பொண்ணு, ஒங்களுக்குப் பெருமையா இருக்குமே?”

“இருக்கு பாய். ரொம்ப இருக்கு.”

சொல்லிக்கொண்டே கட்டிய ரப்பர் பட்டையில் பெஷாவர்க்கார லாரி டிரைவர் ஒருவரின் கை நீலம் பாரித்தது. “ஆஹிஸ்தா, அம்மா ஜி!” என்று, மெதுவாகக் கட்டச் சொல்லி அலறினார் மனிதர்.

அன்று முதல் செய்கு முகம்மது பானுவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘நம்ம ஸ்டாஃப்’ என்றார். லைசன்ஸ் கையில் வருவதற்கு முன்பே. பஞ்சவர்ணத்தை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

டேட்டாஃப்ளோ என்பது நர்ஸுகளின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிறுவனம். படித்த காலேஜ், வேலை பார்த்த ஆஸ்பத்திரி, நர்ஸிங் கவுன்சில் என்று ஒவ்வொரு இடத்துக்கும் நேராக மெயில் அனுப்பி, நீங்கள் கொடுத்த சான்றிதழ் உண்மைதானா என்று கேட்பார்கள். அங்கிருந்து பதில் வந்தால்தான் ரிப்போர்ட். பானுவின் காலேஜ் பதில் எழுதிவிட்டது, கவுன்சிலும் எழுதிவிட்டது. பரமக்குடி நர்ஸிங் ஹோம் மட்டும் பாக்கி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சவர்ணத்தின் போனுக்குப் பரமக்குடியிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சகாயமேரி சிஸ்டர். நர்ஸிங் ஹோமின் மேற்பார்வையாளர். ஒரு காலத்தில் பஞ்சவர்ணத்தோடு ஒரே வார்டில் நின்றவர்.

“பஞ்சவர்ணம், உங்க பானு விஷயமா மெயில் வந்துருக்கும்மா. நடுவுல விடுப்பு, இடைவெளி எதுவும் உண்டான்னு தேதியோட கேக்குறாங்க. நாம குடுத்த சர்டிஃபிகேட்டுல ரெண்டு வருஷமும் தொடர்ச்சியான்னு போட்டுருக்கு. ஆனா அந்தப் புள்ள வளைகாப்பு முடிஞ்சு தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போச்சுல்ல? குழந்தைக்கு அஞ்சு மாசம் ஆகித்தான வந்துச்சு. அப்ப யாரும் அத லீவுன்னே நெனைக்கல. டாக்டரும் கையெழுத்துப் போட்டுட்டாரு. இப்ப என்ன எழுதட்டும்? டாக்டர் எங்கிட்ட விட்டுட்டாரு. நீ சொல்லு, அப்படியே எழுதிர்றேன்.”

வளைகாப்புக்குப் பஞ்சவர்ணம் போயிருந்தாள். அந்த வருடம் அவளுக்கு ஊர் லீவு. பானுவின் கைகளுக்கு முதல் ஜோடி வளையலைப் போட்டதே மூத்த ஓரகத்தியான அவள்தான். மறுநாள் பானுவின் அம்மா வீட்டார் கார் வைத்துக் கூட்டிப்போனார்கள். பிரசவம், அதற்குப் பிறகு பச்சை உடம்பு, அதற்குப் பிறகு ஆடி மாதம் புகுந்த வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று இழுத்து, ஒருவழியாகத் திரும்ப வந்தாள். ஊரில் எந்தப் பெண்ணும் இதை வேலையில் விழுந்த இடைவெளி என்று சொல்லமாட்டாள். தாய்வீட்டுக்குப் போனாள் என்பார்கள், அவ்வளவுதான். பானுவுக்கே அது தோன்றியிருக்காது. ஏமாற்றவேண்டும் என்று அவள் எதையும் மறைக்கவில்லை.

ஆனால் அந்த மாதங்களைக் கழித்தால் இரண்டு வருட அனுபவம் இல்லை. அனுபவம் இல்லை என்றால் லைசன்ஸ் இல்லை.

பஞ்சவர்ணம் கிருமிநீக்கும் பெட்டியின் பக்கத்தில் நின்று அந்தச் செய்தியைத் திரும்பவும் கேட்டாள். சர்டிஃபிகேட்டில் உள்ளபடியே எழுதிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சகாயமேரி எழுதிவிடுவார். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறார். நாளைக்கு எவராவது சம்பளக் கணக்கு கேட்டால் பானு மாட்டிக்கொள்வாள், போலி என்று முத்திரை விழும், அதன் பிறகு வளைகுடாவில் எந்த நாட்டிலும் கால் வைக்க முடியாது. அதுவும் உண்மைதான். அது உண்மை என்பதுதான் பஞ்சவர்ணத்துக்கு வசதியாக இருந்தது.

பெட்டியின் பளபளத்த கதவில் அவளுடைய மெரூன் சட்டை தெரிந்தது.

“உள்ளத உள்ளபடி எழுதிருங்க சிஸ்டர்,” என்று பதில் அனுப்பினாள். குரல் தெளிவாக இருந்தது. பைபிளில் கை வைத்துச் சாட்சி சொல்கிறவளைப் போல இருந்தது. அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

ரிப்போர்ட் வந்தபோது பானு கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சான்றிதழில் உள்ள காலமும் நிறுவனம் சொன்ன காலமும் ஒத்துப்போகவில்லை, பிரசவ விடுப்பைக் குறிப்பிடாமல் விட்டது கவனக்குறைவு என்று நிறுவனம் தெரிவித்திருக்கிறது, அனுபவம் போதாது. சகாயமேரி அந்தக் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லைச் சேர்த்திருந்ததால் போலி என்ற பேச்சு எழவில்லை. அந்தச் சொல்லைச் சேர்க்கும்படி பஞ்சவர்ணம் சொல்லவில்லை. அவளுக்குத் தோன்றவும் இல்லை.

“தலைப்பிரசவத்துக்குப் போனது ஒரு கொறையாக்கா? எந்தப் பொண்ணுதான் போகல? நீங்க போகலயா?”

“போனேன்.”

“அத எதுக்கு எழுதுனாக? யாரு கேட்டா?”

“விதி அப்புடி. என்ன செய்யிறது? அழுகாத. தண்ணி குடி.”

பஞ்சவர்ணமே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. நரம்பு தேடிக் குத்துகிற கை அது.

செய்கு முகம்மது வருத்தப்பட்டார். “ஊருக்குப் போயி அந்தக் கொறைய முடிச்சிட்டு வாம்மா. எடம் இருந்தா ஒனக்குத்தான். இருக்குமான்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது.” விசிட் விசாவும் முடிகிற நேரம். பானு போய்விட்டாள். சோலையப்பன் கேம்ப்பிலிருந்து பெட்டியோடு திரும்பினான். குழம்பு மறுபடி பஞ்சவர்ணத்தின் குழம்பாயிற்று. அவள் நன்றாகத் தூங்கினாள்.

அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

அழகுமலை குடும்ப வாட்ஸப் குழுவில் படம் போட ஆரம்பித்தான். பானு பகலில் நர்ஸிங் ஹோமுக்குப் போகிறாள், மாலையில் வீட்டுக்கு வருகிறாள். வாசலில் பையன் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொள்கிறான். குலதெய்வம் கோவிலில் மொட்டை, காதுகுத்து. பானுவின் மடியில் உட்கார்ந்து பையன் வாயைப் பெரிதாகத் திறந்து அழுகிறான், பானு சிரிக்கிறாள். பால்வாடிக்குப் போகிற முதல் நாள், பவுடர் அப்பிய முகம். ஒரு வீடியோவில் அவன் தூங்குகிறான்; தூக்கத்திலும் பானுவின் தாலிக்கயிற்றை விரலில் சுற்றிப் பிடித்திருக்கிறான்.

பஞ்சவர்ணத்துக்கு நெஞ்சு எரிந்தது. பரீட்சையில் தேறியபோது எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தனக்குக் கிடைக்காமல் போனது நீலச் சட்டை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். விஜயபாஸ்கருக்குப் பல் விழுந்து முளைத்ததை அவள் பார்க்கவில்லை. குரல் உடைந்ததைப் போனில்தான் கேட்டாள். முதலில் யாரோ என்று நினைத்து, “பாஸ்கர்ட்ட குடுங்க தம்பி” என்றாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது அவன் வேறொரு பையனாக இருப்பான். இந்தச் சிறுக்கி என்னடாவென்றால் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறாள்.

“தள்ளிவிட்டேன்னு நெனச்சேன்,” என்று பாத்திரம் கழுவிக்கொண்டே தனக்குத்தானே சொன்னாள். “புள்ளகிட்டயில்ல அனுப்பிவிட்டுருக்கேன்.”

“யார?” என்றான் சோலையப்பன்.

“ஒண்ணுமில்ல. சாப்புடுங்க.”

அந்த வாரம் மகனுக்குப் போன் செய்தாள். விஜயபாஸ்கர் இன்னொரு வளைகுடா நாட்டில், ஜுபைலில், பெட்ரோகெமிக்கல் பிளான்ட் ஒன்றில் டெக்னீஷியன். அழுத்தமானிகள் காட்டும் அளவு சரிதானா என்று பார்ப்பது அவன் வேலை. வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவன்.

“டேய், சின்னதுல நீ ஸ்கூல் விட்டு வந்தா யாருடா கதவத் தொறப்பா?”

“யாரும் இல்லம்மா. சித்தப்பா கடையில இருப்பாரு. சாவி ஜன்னல் மேல இருக்கும்.”

“பசிச்சா?”

“கடைக்குப் போனா பன்னு குடுப்பாரு.”

“அழுவியா?”

“இல்ல.”

“நெசமா?”

“மொத மாசம். இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?”

“சும்மாத்தான்டா கேட்டேன்,” என்று வைத்துவிட்டாள். பன் கொடுத்த அழகுமலையின் மனைவிக்குத்தான் தான் இதைச் செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. உறைத்தும் எரிச்சல் குறையவில்லை. அதுதான் அவள். குழுவில் அடுத்த படம் வந்ததும் திறந்து, பெரிதாக்கி, பானு எடை போட்டிருக்கிறாள் என்று கண்டுபிடித்தாள்.

குறைந்த மாதங்களை முடித்துக்கொண்டு பானு திரும்ப வந்தாள். இந்த முறை ரிப்போர்ட்டில் ஒரு கீறல் இல்லை. கிளினிக்கில் அந்த இடத்துக்கு வந்தவள் கனடாவுக்குப் போய்விட்டிருந்தாள். செய்கு முகம்மது பானுவை எடுத்துக்கொண்டார். முதல் நாளே, பஞ்சவர்ணம் எடுத்த ரத்தத்துக்குக் கீழே பானு கையெழுத்துப் போட்டாள். போடும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. பஞ்சவர்ணமும் பார்க்கவில்லை.

அறை கிடைக்கும் வரை பானு அவர்களோடுதான். சோலையப்பன் மறுபடி கேம்ப்புக்குப் போனான். நாலைந்து நாள் கழித்து ஒரு மாலை, வில்லாவின் பொதுச் சமையலறையில் பஞ்சவர்ணம் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். பானு வீடியோ காலில் மகனைக் கூப்பிட்டாள். அவன் வரமாட்டேன் என்று ஓடினான். “அம்மாடா, பாரு” என்று அழகுமலை தூக்கிக் காட்டினான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பானு போனை அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்தாள்.

“ரெண்டு நாள்ல சரியாயிரும்,” என்றாள் பஞ்சவர்ணம்.

“அக்கா, சகாயமேரி சிஸ்டர்ட்ட உள்ளத எழுதச் சொன்னது நீங்கதான?”

சப்பாத்திக் கட்டை நின்றது.

“ஆமா.”

“தெரியும். நான் ஊருக்குப் போன மறுநாளே சொல்லிட்டாக.”

“தெரிஞ்சும் எதுக்குடி எங்கிட்டயே வந்த?”

“வேற எங்க போறது? துபாய்ல எனக்கு வேற யாரு இருக்கா? உங்க மூஞ்சிலயே முழிக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். அவரு பாவம், ஒண்ணும் தெரியாம அக்கா வீட்டுக்குப் போன்னுட்டாரு.”

“நல்லதுக்குத்தான் சொன்னேன்னு சொல்லமாட்டேன். பொறுக்கல, சொன்னேன். திட்டணும்னா திட்டிரு.”

“திட்டி என்ன? எட்டு மாசம் புள்ளையோட இருந்தேன். அதுக்கு உங்களுக்குக் கும்புடு போடணுமா, சண்ட போடணுமான்னே தெரியல.” பானு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப உங்களப் பாத்தாத்தான்க்கா எனக்கு வயிறெரியுது.”

“எம்மேலயா? எங்கிட்ட என்னடி இருக்கு வயிறெரிய? நீ ஸ்டாஃபு, நான் உனக்கு ட்ரே தூக்குறவ.”

“உங்க புள்ள வளந்துட்டான். அவனும் வேலைக்குப் போயிட்டான். தெனம் போன் பண்ணி அம்மாங்கிறான். உங்களுக்கு இது எல்லாம் முடிஞ்சு போச்சு. எனக்கு இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. இன்னும் எத்தன வருஷம் கெடக்கு.”

பஞ்சவர்ணம் மாவு ஒட்டிய கையோடு நின்றாள். முடிந்து போனது என்று பானு சொன்னது முதலில் சுருக்கென்றது. பிறகு வேறொன்று மெல்ல மேலே வந்தது. வாழ்க்கையில் எவளும் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. அது எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் நன்றாக இருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஜுபைலுக்குப் போன் செய்தாள்.

“என்னம்மா? ட்யூட்டில இருக்கேன்.”

“டேய், ஒருத்தி என்னையப் பாத்து வயிறெரியிறாடா.”

“யாரு?”

“உன் சித்திதான். வேற யாரு?”

“எதுக்காம்?”

“நீ வளந்துட்டியாம். அதுக்கு.”

மறுமுனையில் இயந்திரங்களின் இரைச்சல்தான் வந்தது. அவன் ஏதோ சொன்னான், அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை. “சரி சரி, வேலையப் பாரு,” என்று வைத்தாள்.

சமையலறையில் பானு அவள் விட்ட இடத்திலிருந்து சப்பாத்தி தேய்க்க முயன்று கோணல்மாணலாக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் கட்டையைப் பிடுங்கினாள்.

“தள்ளு. போயி மூஞ்சியக் கழுவிட்டு வா, சாப்புடலாம். ஸ்டாஃபுக்குத் தனியா வேற சொல்லணுமா?”